வாய்க்கால் பிரியும் எழுத்து

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து நான் மயிலாடுதுறை ஆபீசைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஜன்னலோர மேசை இனி உங்களுக்கு. ரயில் கேட் போட்டால் நீடாமங்கலமே நின்றுவிடும். அப்போது கீழே அடிக்கிற ஹாரனுக்கு மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

"போறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு ஏதாவது எழுதி வச்சுட்டுப் போம்மா" என்று பாய் சொன்னார். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து இந்த ஆபீசைத் தொடங்கியவர் அவர். வலைப்பக்கம் கட்டும் வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரியாததை மாலதி திட்டிக்கொண்டே சொல்லித்தருவாள். அவள் திட்டினால் வேலை ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். நான் கோடுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்வேன். அத்தனை பெருமை எனக்கு. எழுத்து எனக்கு வீட்டிலிருந்து வந்ததல்ல, ஒவ்வொன்றாக நானே சம்பாதித்தது. அதனால் எல்லா எழுத்தும் தெரிந்துவிட்டது என்கிற திமிரும் கொஞ்சம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ அனுப்பிய கோப்பில் ஒரு கட்டம் இருந்தது. படம் என்று நினைத்து அதை அழிக்கப் போனேன். விசையைத் தட்டியதும் கட்டத்தின் ஒரு மூலை மட்டும் போயிற்று. மறுபடி தட்டினேன். மூலையை ஒட்டியிருந்த துண்டுக் கோடு போயிற்று. நான் கையை எடுத்துவிட்டேன். அது படமே இல்லை. ஒவ்வொரு மூலையும் ஓர் எழுத்து.

நம் 'ழ'வுக்கு உலக எழுத்துகளின் வரிசையில் ஓர் எண் இருப்பதுபோல ┌ என்கிற மூலைக்கும் ஓர் எண் உண்டு. நிற்கிற கோட்டுக்கு ஒன்று, படுத்த கோட்டுக்கு ஒன்று, நிற்கிற கோட்டிலிருந்து ஒரு கை நீளும் ├ க்கு ஒன்று. ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, தடித்த கோடு, முனை மழுங்கிய மூலை என்று பெரிய குடும்பம். உலகத்தில் இத்தனை மொழிகள் இடம் கேட்டு நிற்கும்போது, எந்த மொழிக்கும் சொந்தமில்லாத மூலைக்கும் முட்டுக்கும் யாரோ உட்கார்ந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆசை வந்தால் அடி படாமல் இருக்குமா? மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வலைப்பக்கம் போட வேண்டியிருந்தது. மண்டபத்தின் வசதிகளைச் சுற்றி அழகாக ஒரு கட்டம் கட்டினேன், நாலு பக்கமும் இரட்டைக் கோட்டில். இடப்பக்கச் சுவர் நிமிர்ந்து நின்றது. வலப்பக்கச் சுவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு திசைக்குப் போனது. பாய் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, புயல் அடிச்ச வேலி மாதிரி நிக்குது?"

"இடைவெளியெல்லாம் எண்ணித்தான் பாய் விட்டேன்."

"நீ எண்ணின. தமிழ் எண்ணலியே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். விஷயம் அதுதான். இங்கிலீஷுக்கு எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் போடுகிற எழுத்துரு உண்டு. எண்ணினால் சுவர் நேராக நிற்கும். தமிழில் 'ர' ஒல்லியாக ஒதுங்கி நிற்கும், 'ணை' கைகால் நீட்டிப் படுத்திருக்கும். 'கொ' நம் வாய்க்கு ஓர் எழுத்து, கண்ணுக்கு மூன்று துண்டு, கணினியின் கணக்கில் இரண்டு. எந்தக் கணக்கில் வலப்பக்கச் சுவரைக் கட்டுவது? ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: தமிழுக்கு இடப்பக்கம் கோடு போடலாம், வலப்பக்கம் வெட்டவெளியாக விட்டுவிட வேண்டும்.

இடப்பக்கக் கோடு மட்டும் போதுமென்று வரும்போதுதான் இந்த எழுத்துகளின் உண்மையான அழகு தெரியும். ஒரு பாசன சங்கம் நம்மிடம் வந்தது. திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, தண்ணீர் கடலை நெருங்குகிற பகுதி. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் விட முடியாது. முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்று எந்தக் கிளைக்கு முறை என்று எல்லோரும் போனில் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். அங்கே சிக்னல் கிடைப்பது அரிது. படம் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நான் இப்படிப் போட்டேன்:

```
பெரிய வாய்க்கால்
├── மேலக்கிளை
│   ├── கோயில் மடை
│   └── பள்ளிவாசல் மடை
└── கீழக்கிளை  ◄ இன்று
    ├── புளியமரத்து மடை
    └── உப்பாத்து மடை
```

போட்டு முடித்துவிட்டு நானே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ├ என்பது தண்ணீர் பிரிகிற இடம். பிரிந்த பிறகும் மிச்சத் தண்ணீர் கீழே போகிறது. └ என்பது கடைசித் திருப்பம். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலில் தண்ணீர் இல்லை. காவிரியைக் கண்ணால் கண்டிராத யாரோ செய்த எழுத்து, எங்கள் பக்கத்து நிலத்தை வரப்பு பிசகாமல் சொல்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

சங்கச் செயலாளர் தன் போனிலிருந்தே பக்கத்தைத் திறந்து, 'இன்று' என்ற குறியை வேண்டிய கிளைக்கு மாற்றிவிடுவார். கறாரான மனிதர். வயல் வரப்பில் கோணல் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று சங்கத்தில் கேலி செய்வார்கள்.

ஒருநாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"அக்கா, வாய்க்கால் பக்கம் போடுறது உங்க ஆபீஸ்தானே?"

"ஆமா, சொல்லுங்க."

"உப்பாத்து மடையிலேர்ந்து பேசுறேன். பேரு ஜெயா. எங்க மடையைக் கீழக்கிளையிலேர்ந்து பிரிச்சுட்டாங்களா?"

"எங்ககிட்ட அப்படி எதுவும் சொல்லலியே. பக்கத்துல என்ன இருக்கு?"

"அதான் குழப்பம். நான் கேட்டா சேர்ந்திருக்கு. அப்பா பார்த்தா பிரிஞ்சிருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தஞ்சாவூரில் தங்கிப் படித்து பி.ஏ. முடித்தவள். போன் படித்துச் சொல்லும், அவள் கேட்பாள். அவளுடைய அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறவர். கண் நன்றாகத் தெரியும், எழுத்துதான் தெரியாது.

"நான் பேரைக் கேட்பேன். அப்பா கோட்டைப் பார்ப்பாரு. ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் உங்க பக்கத்தைப் படிக்கிறோம்."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "எனக்கு எழுத்து தெரியாதுன்னு நீடாமங்கலம் வரைக்கும் சொல்லியாச்சா?"

"சும்மா இருங்கப்பா."

அந்தப் பக்கத்தைப் போட்டபோது யார் யார் பார்ப்பார்கள் என்று நான் யோசித்தது உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் எழுத்தையும் ஒருவர் கோட்டையும் எடுத்துக்கொண்டு படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் வியந்துகொண்டிருக்க நேரமில்லை. அன்று கீழக்கிளை முறை, அதன் இரண்டு மடைக்கும் தண்ணீர் போக வேண்டும். மறுநாள் தண்ணீர் மேலக்கிளைக்குத் திரும்பிவிடும். காலையில் ஜெயாவின் அப்பா தங்கராசு வாய்க்காலுக்குப் போனபோது, மேலே இருக்கும் புளியமரத்து மடைக்காரர்கள் குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பியிருந்தார்கள். கேட்டதற்கு, "உங்க மடையைத்தான் தனியாப் பிரிச்சாச்சே. போன்ல அந்தப் பக்கத்துலயே போட்டிருக்கு, பாருங்க. உங்க முறை வர்றப்ப வாங்க" என்றிருக்கிறார்கள். உப்பாத்து மடைக்குத் தனி முறை வைத்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு அடிபட்டதும் உண்மை. அதனால் அவரால் சண்டையும் போட முடியவில்லை.

"நாத்து நடலக்கா, நேரடி விதைப்பு. முளை வந்து இப்பத்தான் பச்சை காட்டுது" என்றாள் ஜெயா. "எங்க பக்கம் மண்ணு காஞ்சா உப்பு பூத்துரும். பூத்துச்சுன்னா முளை கருகிடும். இன்னைக்குத் தண்ணி ஏறினாத்தான் உண்டு."

"உங்க போன் என்ன சொல்லுது? அப்படியே சொல்லுங்க."

"பெரிய வாய்க்கால். பாக்ஸ் டிராயிங்ஸ் ஏதோ ஏதோ. மேலக்கிளை. மறுபடி பாக்ஸ்..."

"பொட்டி பொட்டின்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்மா. எந்தப் பொட்டியோ" என்றார் அப்பா.

"கோட்டுக்கெல்லாம் அது இங்கிலீஷ்ல பேர் சொல்லுதுக்கா. நான் அதைத் தள்ளிட்டுப் பேரை மட்டும் எடுத்துக்குவேன். கீழக்கிளை, இன்று. புளியமரத்து மடை. உப்பாத்து மடை. எப்பவும் போல அதே வரிசைதான்."

"அப்பாகிட்ட குடுங்க. ஐயா, நீங்க என்ன பார்க்கிறீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேலேர்ந்து ஒரு குச்சி நேரா இறங்குதும்மா. அதுல எப்பவும் ரெண்டு கை இருக்கும். இன்னைக்கு மூணா இருக்கு. மூணாவதுதான் எங்களது."

"மூணாவது கை குச்சியைத் தொடுதா?"

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோயிருப்பார்.

"தொடலம்மா. ரெண்டாவது கையோட குச்சி வளைஞ்சு முடிஞ்சு போச்சு. எங்களது அதுக்குக் கீழ அந்தரத்துல நிக்குது. மேல தலையே இல்ல. அதுக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்?"

இதற்குள் நான் என் திரையில் பக்கத்தைத் திறந்திருந்தேன்.

```
└── கீழக்கிளை  ◄ இன்று
    ├── புளியமரத்து மடை
└── உப்பாத்து மடை
```

அவர் சொன்னது அச்சு அசல் இதுதான். உப்பாத்து மடையை யாராவது வேண்டுமென்றே தனிக் கிளையாக்கியிருந்தால், கீழக்கிளைக்கு முன்னால் ├ வந்திருக்கும், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்வதற்காக. ஒரே குச்சியில் இரண்டு └ வர முடியாது. ஒரு வாய்க்கால் இரண்டு முறை முடிய முடியாது. கோட்டுக்கும் இலக்கணம் உண்டு. எழுத்து தெரியாத ஒருவர் அந்தப் பிழையைத் தண்ணீரின் கணக்கில் கண்டுபிடித்துவிட்டார்.

போனை வைத்துவிட்டு மாலதியிடமும் பாயிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்புறம் என்னடி, தப்புன்னு தெரிஞ்சிருச்சுல்ல? நாலு இடைவெளி. தட்டி உள்ள தள்ளு" என்றாள் மாலதி.

"தொடாதே" என்றார் பாய். "நாம தள்ளினா அது கோடு இல்ல, முறை. நாளைக்கு புளியமரத்து மடைக்காரன் வந்து, நீடாமங்கலத்துல உட்கார்ந்துக்கிட்டு நீ யாரு எனக்கு முறை சொல்றதுன்னு கேட்பான். என்ன பதில் சொல்லுவே?"

"அதுக்காக முளை கருகட்டும்னு விட்டுறதா பாய்?"

"நான் விடச் சொல்லல. அனுமானத்துல வாய்க்காலைத் திறக்காதேன்னு சொல்றேன்."

செயலாளருக்கு மறுபடி மறுபடி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மாலதி, "அப்ப பக்கத்தையே தூக்கிடு" என்றாள். தூக்கினால், 'பிரிச்சுட்டாங்க' என்பதுதான் ஊரில் கடைசியாக நிற்கும் சேதியாக இருக்கும். திருத்தக் கூடாது, தூக்கவும் கூடாது, அப்படியே விடவும் முடியாது.

இந்த இடத்துக்கு நீங்களும் ஒருநாள் வருவீர்கள். அப்போது ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்: கோடு பிழை, முறை மாறியதாகச் சங்கம் எங்களுக்குச் சொல்லவில்லை. செயலாளர் மனதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் போட்டேன். 'கீழே உப்பாத்து மடையின் கோடு பிழையாக விழுந்திருக்கிறது. முறை மாறியதாகச் சங்கம் அறிவிக்கவில்லை. செயலாளர் உறுதி சொல்லும் வரை கோட்டை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம்.'

பாய் அதை இரண்டு தடவை படித்தார். "இதுல பொய் இல்ல. போடு" என்றார்.

செயலாளர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"மன்னார்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரும்மா. போனை அமுக்கிப் பையில போட்டாருன்னா வீட்டுக்கு வந்துதான் எடுப்பாரு. என்ன, எதுவும் சண்டையா?"

"சண்டை இல்லம்மா. எந்த மண்டபம்?"

அவர் சொன்னது, நான் கோணல் கட்டம் கட்டினேனே, அதே மண்டபம். மேலாளரின் நம்பர் என் போனிலேயே இருந்தது. அவர் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நடந்துபோய், பந்தியில் உட்கார்ந்திருந்த செயலாளரின் காதில் போனை வைத்தார்.

"யாரு, கவிதாவா? பாயசம் வந்துக்கிட்டிருக்கு, சுருக்கச் சொல்லு."

"ஐயா, உப்பாத்து மடையைத் தனியாப் பிரிச்சீங்களா?"

"நான் ஏன் பிரிக்கிறேன்? அந்தப் பேச்சைத்தான் கூட்டத்துலயே வேணாம்னு விட்டாச்சே."

"காலையில பக்கத்துல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலியே. இன்றுங்கிறதைக் கீழக்கிளைக்குக் கொண்டாந்தேன். அப்புறம் அந்தக் கடைசி வளைவு கொஞ்சம் உள்ள தள்ளிக் கோணலா இருந்துச்சு. மேல இருக்கிற வளைவுக்கு நேரா இழுத்து விட்டேன். இப்ப நூல் புடிச்ச மாதிரி இருக்கே, பார்க்கலியா நீ?"

அவர் எழுதுகிற பெட்டியில் இடைவெளிகள் ஒடுங்கித் தெரிந்திருக்கின்றன. நாலு இடைவெளி அவர் கண்ணுக்கு ஒரு சின்னப் பிசகாகப் பட்டிருக்கிறது. வரப்பில் மண் சரிந்திருந்தால் மண்வெட்டியால் இழுத்து நேராக்குகிற மாதிரி, இழுத்துவிட்டார்.

"ஐயா, நீங்க இழுத்தது கோடு இல்ல. வாய்க்கால். உப்பாத்து மடையைக் கீழக்கிளையிலேர்ந்து அறுத்து விட்டிருக்கீங்க. மேல பலகை போட்டுட்டாங்க."

அவர் யாரிடமோ, "இலையை எடுத்துருப்பா, பாயசம் வேணாம்" என்று சொல்வது கேட்டது.

"நீ கோட்டைச் சரி பண்ணும்மா, நான் சொல்றேன். பலகையை நான் பார்த்துக்கிறேன்."

நாலு இடைவெளி தட்டினேன். உப்பாத்து மடை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. செயலாளர் தலைப்பு மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரிடமும் புளியமரத்து மடைக்காரர்களிடமும் மண்டப வாசலில் நின்றபடியே பேசியிருக்கிறார். மத்தியானம் ஜெயா கூப்பிட்டாள்.

"பலகையை எடுத்துட்டாங்கக்கா. அப்பா வயல்ல நிக்கிறாரு. சத்தம் கேக்குதா?"

காதில் தண்ணீர்ச் சத்தம் எதுவும் விழவில்லை; காற்றுதான் இரைந்தது. "கேக்குது" என்றேன்.

இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். சங்கத் தலைவர் எடுத்த எடுப்பில், "படமாப் போட்டுருங்கம்மா. எவனும் இழுக்க முடியாது" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் பையில் மாலதி போட்டுக்கொடுத்த படமே இருந்தது. வாய்க்கால் நீலத்தில், வயல் பச்சையில், அவ்வளவு நன்றாக. அதை எடுத்து மேசையில் வைத்தால் எனக்கும் வேலை மிச்சம். சிக்னல் ஒரு காரணம்தான். ஆனால் அன்று என் மனதில் இருந்தது அது இல்லை.

"படம் போட்டா ஜெயாவோட போன் படமுன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்குமேல ஒரு வார்த்தை சொல்லாது" என்றேன்.

"அவங்கப்பாதான் கூட இருக்காரே. பார்த்துச் சொல்லிட்டுப் போறாரு."

"அவருக்கு எழுத்து தெரியாதுங்க."

"சரி, பேரை மட்டும் வரிசையா எழுதிப் போடுங்க."

"அப்ப அவரால பார்க்க முடியாது. எது எதுலேர்ந்து பிரியுதுன்னு அவருக்குக் கோடுதான் சொல்லுது."

தலைவர் சலித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்காகவாம்மா இவ்வளவும்?"

"ரெண்டு பேர் போன் பண்ணினாங்க. பண்ணாதவங்க எத்தனை பேருன்னு நமக்குத் தெரியாது. இன்னொண்ணும் இருக்குங்க. இது அவங்க கைக்கு எட்டாம போனா, இன்னைக்கு யார் முறைன்னு அவங்க புளியமரத்து மடையிலதான் போய்க் கேக்கணும்."

கூட்டத்தில் புளியமரத்து மடைக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். செயலாளர்தான் பேசினார். "என் கையில கோடு படாத மாதிரி பண்ணிக் குடும்மா. மத்தது அப்படியே இருக்கட்டும்."

அதன்படியே செய்தேன். செயலாளர் இனிமேல் கிளையின் பேரைத் தொட்டால் போதும், 'இன்று' அங்கே போய் நிற்கும்; கோட்டை யாரும் அசைக்க முடியாது. பெரிய வேலை அது இல்லை. ஒரே மொத்தையாக இருந்ததை வரிக்கு வரி தனித்தனியாகப் பிரித்தேன். கோடுகள் கண்ணுக்கு மட்டும் தெரியும், படித்துச் சொல்கிற போன் அவற்றை விட்டுவிடும். அவற்றுக்குப் பதிலாகக் காதுக்கு மட்டும் ஒரு சொல் வைத்தேன்: 'கீழக்கிளையில் பிரிவது.' திரையில் ஒரே இடம். கண்ணுக்குக் கோடு, காதுக்கு வாக்கியம். செய்தது நான்தான் என்றாலும், இது நடக்கிறது என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

கீழக்கிளைக்கு அடுத்த முறை வந்த நாளில் பஸ் பிடித்து உப்பாத்து மடைக்குப் போனேன். ஜெயா களத்தில் நின்றிருந்தாள். என்னைவிட உயரம், பேச்சில் என்னைவிட வேகம். தங்கராசு துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார்.

"எழுத்தைத் தொடுங்க ஐயா. தொட்ட வரியை மட்டும் அது படிக்கும்."

அவர் பெரிய வாய்க்காலில் விரலை வைத்தார். போன் பேர் சொல்லிற்று. கண் குச்சியைப் பிடித்துக்கொள்ள, விரல் பேர் பேராக இறங்கியது.

"மேலக்கிளை. பெரிய வாய்க்காலில் பிரிவது."

"பொட்டி எங்க காணோம்?" என்றார் ஜெயாவிடம்.

"பேசாம வாங்கப்பா."

விரல் கோயில் மடையைத் தாண்டி, பள்ளிவாசல் மடையைத் தாண்டிக் கீழே வந்தது. ஜெயா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண் கோட்டின் மேல் இருந்தது, அவர் விரல் பட்ட இடம் அவள் காதில் பேசியது. இரண்டு பேர் ஒரே வரியில், ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"கீழக்கிளை. பெரிய வாய்க்காலில் பிரிவது. இன்று."

விரல் உள்ளே திரும்பியது. கடைசி வளைவை ஒட்டிய பேரில் வந்து நின்றது.

"உப்பாத்து மடை. கீழக்கிளையில் பிரிவது. கடைசி."

"சேர்ந்திருக்கு" என்றார் அவர்.

"சேர்ந்துதான்பா இருக்கு" என்றாள் அவள்.

தங்கராசு போனை மகள் கையில் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜெயா அவர் தோளைத் தொட்டபடி போனாள். நான் பின்னால் போனேன். புளியமரத்து மடையில் மறுபடியும் குறுக்கே பலகை இருந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்.

"என்ன தங்கராசு, அதுக்குள்ள வந்துட்ட? உன் முறைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. படிச்சேன்."

"யாரு, நீயா?"

"நானும் எம் பொண்ணும்" என்றார் தங்கராசு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, பலகையில் கை வைத்தார். கரையில் இருந்தவர் அவரைப் பார்த்தார், ஜெயாவைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.